கலத்தோடு சென்ற கம்மியர்

ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், பிட்சாடன மூர்த்தி வீதியுலா எழுந்தருளும்போது மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் பக்தர்கள் மாம்பழங்களை வாரி இறைப்பதைக் கண்டவர்கள், காரைக்கால் அம்மையாரான புனிதவதியாருடைய சரித்திரத்தில் அந்தக் கனியே தலையாய பொருள் என்று எண்ணிவிடுவது இயல்பு. ஆயினும் கனிக்கு அடுத்தபடி அந்தச் சரித்திரத்தில் வருவது ஒரு கப்பல். வணிகர் தலைவனான தனதத்தனின் மகள் புனிதவதியாரை நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தன் மணந்து காரைக்காலிலேயே இல்லறம் நடத்தியதையும், மனைவியின் தெய்வத்தன்மையைக் கண்டு அஞ்சியவன் கடல் வாணிபத்தைக் காரணமாகக் காட்டி மரக்கலம் ஏறி நீங்கியதையும் பெரிய புராணம் விரிவாகவே சொல்லுகிறது. கலத்தைச் சமைத்ததும், சரக்கை ஏற்றியதும், கடல் தெய்வத்தை வழிபட்டதும், நல்ல நாள் பார்த்துப் புறப்பட்டதும் ஒரே பாட்டில் அடங்கிவிட, அவ்வளவு நெருக்கத்திலும் சேக்கிழார் பெருமான் ஒரு சொல்லுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்: கலத்துக்கு வேண்டிய 'கம்மியர்' உடன் சென்றார்கள் என்கிறார்.

கம்மியர் என்பது கலத்தில் வினை செய்வோர் எல்லாரையும் குறிக்கும் பொதுச்சொல் என்று கொள்ளலாம். மாலுமிகளையே குறிக்கும் என்றும் கொள்ளலாம். எனக்கோ, கம்மியரும் கம்மாளரும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம், அந்தக் கலத்தின் ஓரத்தில் சிறு துருத்தியோடும் குறடோடும் உட்கார்ந்திருக்கும் ஒரு கருமானின் உருவமே கண்முன் நிற்கிறது. கட்டி முடித்துக் கடலில் விட்ட கலத்தில் கருமானுக்கு என்ன வேலை என்று மரக்கலத்தைப் பழகி அறிந்தவர் எவரும் கேட்கமாட்டார். அலை ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆணியையும் அசைத்துப் பார்க்கும் கலத்தில் அவனுடைய வேலைக்கு ஓய்வே இல்லை. மரம் தேர்ந்த தச்சனைப் பற்றியும் பாய் விரித்த மாலுமியைப் பற்றியும் நம்மவர் ஓரளவு எழுதியிருக்கிறார்கள். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே நின்ற இரும்பைப் பற்றியும், அதை அந்த ஒரு கலத்துக்கென்றே அளந்து அடித்துப் பொருத்தியவனைப் பற்றியும் எழுதப்பட்டது சொற்பம். அந்தக் குறை என் மனத்தை நெடுநாளாக உறுத்திவந்திருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் கடற்கரையில் மரத்தோடு மரத்தை இணைப்பதற்கு இரண்டு சம்பிரதாயங்கள் பக்கம் பக்கமாக வாழ்ந்தன. ஒன்று கயிற்றால் தைப்பது. மற்றொன்று ஆணியால் அறைவது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அடிக்கடி வருவதும், பிரெஞ்சுக்காரர்கள் 'ஷெலாங்' என்று தங்கள் நாவுக்கேற்பத் திரித்துக்கொண்டதுமான சலங்கு என்னும் படகில் ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகைகளின் விளிம்புகளில் துளையிட்டு, இடையே நாரை வைத்து, தென்னங்கயிற்றால் இறுகத் தைத்த உடல் அது. துறைமுகமென்று சொல்லத்தக்க மறைவிடம் ஏதும் இல்லாத சோழமண்டலக் கரையில், ஆழக்கடலில் நங்கூரமிட்ட கப்பலுக்கும் மணற்கரைக்கும் இடையே உடையும் அலைமீது சரக்கும் ஆளும் ஏறி இறங்கியது இந்தச் சலங்குகளில்தான். கரையில் மோதும்போது ஆணியடித்த படகு விறைத்து நின்று பிளந்துபோகும். தைத்த படகு கூடை வளைவதுபோல் வளைந்து கொடுத்துப் பிழைத்துக்கொள்ளும்.

இந்த நடைமுறை ஞானத்துக்குக் கதைகள் வேறு காரணம் கற்பித்தன. கடலிலே காந்தத் தீவுகள் உண்டென்றும், இரும்பாணி தைத்த மரக்கலங்களை அவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்றும் தாலமி தம்முடைய பூகோள நூலில் எழுதினார். போஜராஜன் பெயரால் வழங்கும் 'யுக்தி கல்பதரு' என்னும் வடமொழி நூலும், கடலோடும் கலத்தில் இரும்பைச் சேர்க்கலாகாதென்று இதே காரணத்தைக் காட்டி விதிக்கிறது. காந்தத் தீவை எவரும் கண்டதில்லை. கரையில் உடையும் அலையையோ நம் பரதவர் நாள்தோறும் கண்டார்கள். கயிற்றின் பக்கம் அவர்களைச் சாய்த்தது அந்த அலையே என்பது என் துணிபு. அலை உடையும் இடத்தைத் தாண்டி நாட்கணக்கில் நெடுந்தூரம் ஓடவேண்டிய தோணிக்கும் கப்பலுக்கும் வந்தபோது, அவர்களே தயக்கமின்றி இரும்பை நாடினார்கள்.

நாடினார்கள் என்று எழுதிவிட்டேன். நாடுவதற்கு இங்கே இரும்பு ஏது? காவிரியும் அதன் கிளைகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டலே காரைக்கால் மண். தோண்டினால் மணலும் களியும் உப்புநீரும் கிடைக்குமேயன்றிக் கல்லும் கிடைக்காது, கனிமமும் கிடைக்காது. ஆகவே காரைக்காலின் அரசலாற்றங்கரைப் பட்டறையில் பழுத்த இரும்பு ஒவ்வொரு துண்டும் எங்கிருந்தோ பிரயாணம் செய்து வந்ததுதான். கஞ்சமலை முதலாக இரும்புக் கனிமம் மிகுந்த சேலத்துப் பக்கத்தில், கரியையும் துருத்தியையும் கொண்டு சிற்றுலைகளில் இரும்பை உருக்கி எடுப்பது பண்டுதொட்டு நடந்துவந்த தொழில். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர்கள் கோதாவரிக் கழிமுகத்துப் பக்கமிருந்து இரும்பையும் ஆணிகளையும் பத்தேவியாவுக்கு ஏற்றிச் சென்றார்கள் என்றால், இந்தக் கரையின் கருமார் அடித்த ஆணி அயல்நாட்டுக் கப்பல் தச்சருக்கும் உகந்ததாயிருந்தது என்றுதானே பொருள்? பிற்காலத்தில் ஐரோப்பியக் கப்பல்களும் இரும்புப் பாளங்களைக் கொண்டுவந்தன. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830களில் சேலத்துக் கனிமத்தை ஆதாரமாகக் கொண்டு பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை ஒன்றை நடத்திப் பார்த்ததும் இதே கடற்கரையில்தான்.

தஞ்சை அரசர் சாகுஜியிடமிருந்து 1739இல் பிரெஞ்சுக் கும்பினி காரைக்காலைப் பெற்றது. அப்போது அதற்குக் கிடைத்தது நெல் விளையும் ஊர்களும் ஓர் ஆற்றுமுகமுமே. தெற்கே கூப்பிடு தூரத்தில் ஒல்லாந்தருடைய நாகப்பட்டினமும், வடக்கே டேனியருடைய தரங்கம்பாடியும் இருந்தன. மூன்று கொடிகளின் கப்பல்களும் ஒரே நீரில் ஓடின. 1782 ஜூலை 6ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கு எதிரே ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பற்படையோடு பொருத பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன், அடிபட்ட கப்பல்களோடு அன்று மாலை நங்கூரம் பாய்ச்சியது காரைக்காலுக்கு எதிரில்தான். கப்பலை ஏற்றிச் செப்பனிடத் துறை ஏதும் இல்லாத திறந்த கரையாதலால் அவர் கடலூருக்குப் போய், கிடைத்ததைக் கொண்டு மரத்தையும் கயிற்றையும் சீர்செய்துகொண்டு, ஆகஸ்டு மாதத்தில் திருகோணமலையைக் கைப்பற்றப் புறப்பட்டார். பெரிய யுத்தங்களின் சரித்திரத்தில் இத்தகைய செப்பனிடுதல் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் எத்தனை உலைகள் இரவும் பகலும் எரிந்திருக்க வேண்டும்!

இனி ஓர் ஆணியைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். இன்று கடையில் நிறுத்து வாங்கும் கம்பியாணி உருண்டையானது; மரம் வெயிலில் சுருங்கி நீரில் பருக்கும்போது அது தன் துளையிலேயே மெல்ல வழுக்கித் தளர்ந்துவிடும். கருமான் அடித்த ஆணியோ நாற்சதுரமானது; தலையிலிருந்து நுனிவரையில் சிறுகச் சிறுக ஒடுங்கும் அதன் நான்கு விளிம்புகளும் மரத்தின் நாரைக் கடித்துக்கொண்டு நிற்கும். உலையில் பழுத்த கம்பியைப் பட்டடையின்மேல் வைத்து, அது நிறம் மாறுவதற்குள் நுனியை நீட்டி, வேண்டிய நீளத்தில் உளியால் வெட்டி, துளையிட்ட கட்டையில் சொருகித் தலையைப் பரப்பிவிட்டு, முழுதும் ஆறுமுன்னே எண்ணெயில் தோய்த்தெடுத்தால், அதன்மேல் படியும் கரிய படலம் உப்புக்காற்றைச் சில காலமாவது தடுத்து நிறுத்தும். பலகையின் கனமும் அதன் பின்னுள்ள வங்கு என்னும் விலாமரத்தின் கனமும் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் ஆணியின் நீளமும் வேறுபட்டாக வேண்டும். ஆகையால் தச்சன் வாயால் சொல்லச் சொல்லவே கருமான் அடித்தான்.

அதை இறக்குவதும் இருவர் சேர்ந்து செய்யும் காரியம். ஆணியின் பருமனைவிடச் சற்றே குறுகலாகத் துரப்பணத்தால் துளையிட்டு, தலையின் அடியில் குங்கிலியமும் எண்ணெயும் ஊறிய நூலைச் சுற்றி, பலகையின் வழியே வங்குக்குள் ஆணியைச் செலுத்துவார்கள். நுனி மறுபுறம் வெளிப்பட்டதும் வெளியே ஒருவன் தலைமேல் சம்மட்டியை அணைத்துப் பிடித்துக்கொள்ள, உள்ளே மற்றவன் அந்த நுனியை மடக்கி நாருக்குக் குறுக்கே அறைந்துவிடுவான். அந்த நூலும் குங்கிலியமுமே ஆணிக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் காவல். நாகூர் ஆண்டவர், சவரம் செய்துகொண்டிருந்த வேளையில், நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலை ஞானத்தால் அறிந்து, கையிலிருந்த கண்ணாடியை வீசியெறிந்து அந்த ஓட்டையை அடைத்தார் என்பது இக்கரையில் எந்த மதத்தவரும் சொல்லும் கதை. நீர் புகும் சிறு வழியின்மேல் இக்கடலோடிகளுக்கு இருந்த அச்சம் எவ்வளவு ஆழமானது என்பதை அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் உணர்கிறேன்.

நீரைவிட நுண்ணிய பகை மரத்துக்குள்ளேயே இருந்தது. வளைந்த வங்குகளுக்குக் கருவேலம் உகந்த மரம். ஆனால் தோல் பதனிடப் பயன்படும் துவர்ப்புச் சத்து நிறைந்தது அது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சினால் கருமை எப்படிப் பிறக்கிறதோ, அப்படியே கருவேலத்துக்குள் இறங்கிய இரும்பைச் சுற்றிலும் உப்புநீரின் உதவியால் ஒரு மை ஊறுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஆணி மெலிகிறது. அதைச் சூழ்ந்த மரம் கறுத்து மிருதுவாகிப் பிடிப்பை இழக்கிறது. தேக்கிலோ இயற்கையான எண்ணெய் இருப்பதால் அது இரும்பைக் காக்கும். எல்லாராலும் தேக்கு வாங்க இயலுமா? இயலாதவர்கள் கருவேலத்தையும் வேம்பையும் இலுப்பையையும் வைத்துக்கொண்டு, வாடைக்காலத்தில் கடல் பொங்கிக் கலங்கள் ஆற்றுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் மாதங்களில், தளர்ந்த ஆணியைப் பிடுங்கிச் சற்றே பெரிய ஆணியை அந்தத் துளையில் இறக்கினார்கள். இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறைக்கு சொரேல் என்னும் பிரெஞ்சுக்காரர் 1837இல் உரிமை பெற்றதும், பூச்சாணிகள் மெல்ல மெல்ல இந்தக் கரைக்கும் வந்துசேர்ந்ததும் அந்தத் துன்பத்தை ஓரளவு தணித்தன.

ஆணி ஆயிரக்கணக்கில் அடிக்கப்படுவது. கருமானின் முழுத் திறமையையும் சோதித்தது சுக்கானைத் தாங்கும் இரும்பு. கலத்தின் பின்மரத்தில் இரண்டு அல்லது மூன்று வளையங்கள். அவற்றுக்கு நேரே சுக்கான் பலகையில் அத்தனை முளைகள். கதவின் குடுமி குழியில் நின்று சுழல்வதைப்போல் முளை வளையத்தில் நின்று சுழலவேண்டும் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் எந்த இரண்டு கலங்களின் பின்மரமும் ஒரே சாய்வில் நிற்பதில்லை. மேலிருந்து கீழே வரவர அதன் பருமன் மாறுகிறது. இரு பக்கத்துப் பலகைகளும் அதை வந்து தழுவும் கோணமும் மாறுகிறது. ஆகவே ஒரு கலத்தின் மேல்வளையம் அதே கலத்தின் கீழ்வளையத்துக்குக்கூட ஒப்பாகாது. மெல்லிய பலகையில் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே அச்சு வெட்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், இரும்புப் பட்டையை அந்த அச்சுக்கு இணங்க வளைத்து, மறுபடியும் கலத்துக்கு வந்து வைத்துப் பார்த்து, எங்கே தொடவில்லையோ அங்கே சுண்ணாம்பால் குறியிட்டு, மறுபடியும் உலைக்குத் திரும்புவது என்று ஒரு வளையத்துக்கே பலமுறை நடக்கவேண்டியிருக்கும்.

வண்டிச் சக்கரத்துக்குப் பட்டாவைச் சூட்டோடு மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்குவதைப் பார்த்துப் பழகியவர்கள், இங்கேயும் அப்படியே செய்துவிடலாமே என்பார்கள். பாய்மரத்தின் பூணுக்கு அது பொருந்தும். பின்மரத்துக்குப் பொருந்தாது; கரிந்த மரத்தில் நீர் தங்கும், நீர் தங்கினால் ஆணி துருப்பிடிக்கும். ஆகையால் இரும்பை முற்றும் ஆறவிட்டு, மரத்துக்கும் அதற்கும் இடையே குங்கிலியம் தோய்ந்த துணியை வைத்து அழுத்திப் பொருத்துவதே முறை. வளையங்கள் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்பதை மேலிருந்து கீழே நூல் பிடித்துப் பார்க்கவேண்டும். ஒரு வளையம் ஒரு விரற்கடை விலகினாலும் சுக்கான் இறுகிக்கொள்ளும். சுக்கான் பிடிக்கும் தண்டயலின் கை சோர்ந்துபோகும்.

இதிலே ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அரசலாற்றின் வாயில் கோடையில் மணல் திட்டு எழும்பிவிடும். அதைக் கடக்கும்போது, அடியைவிடத் தாழ்ந்து நிற்கும் சுக்கானைக் கழற்றி மேலே தூக்கிவிட்டு, கடந்தபின் அலையாடும் நீரிலேயே மறுபடி மாட்டவேண்டும். மூன்று முளைகளையும் ஒரே நேரத்தில் மூன்று வளையங்களுக்குக் குறிவைப்பது எவராலும் ஆகாது. ஆதலால் கீழ்முளையை மற்றவற்றைவிட நீளமாக அடிப்பார்கள்; அது முதலில் தன் வளையத்தில் புகுந்துகொண்டால், பிறகு சுக்கானைத் திருப்பி மற்ற இரண்டையும் தானே வழிக்குக் கொண்டுவரலாம். பார்வைக்கு அளவு தவறியதாகத் தோன்றும் அந்த நீளம், ஆற்றுமுகத்தை அறிந்த ஒரு மனம் இரும்பில் எழுதிவைத்த குறிப்பு.

இதை எண்ணும்போதுதான் திருகோணமலைக் கப்பல் துறையில் தலைமைத் தச்சராயிருந்த ஜான் ஈடி, 1834இல் வெளியான தம் கட்டுரையில் சோழமண்டலத் தோணியைப் பற்றிச் சொன்ன கடுமொழி என்னை வருத்துகிறது. சுமார் 70 அடி நீளமும் 20 அடி அகலமும் தட்டையான அடியும் கொண்ட அந்தக் கலம் மிகவும் முரடானது, கடலுக்குத் தகுதியற்றது என்பது அவருடைய தீர்ப்பு. அவர் அளந்து கொடுத்த அளவுகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அடி ஏன் தட்டையாயிற்று என்பதை அந்தக் கலம் நுழையவேண்டிய ஆற்றின் வாயில் நின்று பார்த்திருந்தால் அவர் இவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க மாட்டார். அவரோடு ஒப்பிடும்போது, பிரெஞ்சுக் கடற்படையின் பாரி என்பவர் அதிக அனுதாபத்தோடு பார்த்தவர். நம் சலங்கையும் கட்டுமரத்தையும் தோணியையும் கயிறு கயிறாக, பலகை பலகையாக வரைந்து 1840களின் தொடக்கத்தில் பெரிய நூலாக வெளியிட்ட அவர், புதுச்சேரியில் ஓர் ஆலையைப் பார்வையிடும்போது இயந்திரத்தில் சிக்கி இடக்கையை இழந்தார் என்பதை நினைத்தால், அந்தச் சித்திரங்களைப் புரட்டும்போது மனம் நெகிழ்கிறது.

சொற்களும் ஒரு சரித்திரம் சொல்லுகின்றன. சுக்கானும் மாலுமியும் அரபு வழியாக வந்தவை. நங்கூரம் பாரசீகத்தோடு உறவுடையது. பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து போர்த்துக்கேசியர் விட்டுச்சென்றது. மரைக்காயர்களின் கப்பல்களில் இத்தனை மொழிகளும் கலந்து பேசப்பட்டன. ஆனால் பட்டறைக்குள் நுழைந்தால் ஆணி, பூண், வளை, கொக்கி, முளை என்று எல்லாம் வீட்டுச் சொற்களாகவே இருக்கின்றன. கீல் என்பது மட்டும் விசித்திரமானது: பொருத்துக்கும் அதுவே பெயர், மரத்தில் பூசும் தாருக்கும் அதுவே பெயர், கலத்துக்கு இரண்டும் இன்றியமையாதவை. கப்பலோட்டியவன் ஊர் ஊராகச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்தான்; கருமான் இருந்த இடத்திலேயே இருந்து, வந்த இரும்பையெல்லாம் தன் மொழிக்குள் அடித்துச் சேர்த்துக்கொண்டான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீராவிக் கப்பல் வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1898இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ரயில் வந்தது. பாய்மரத்துக்கு இருந்த சரக்கு ஒவ்வொன்றாகக் கைநழுவிற்று. ஆயினும் இத்தொழிலின் வலிமை அவ்வளவு எளிதில் அடங்கிவிடவில்லை என்பதற்குப் பாக் நீரிணைக்கு அப்பால் ஓர் உதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930ஐ ஒட்டித் தமிழ்த் தச்சர்களும் கம்மாளர்களும் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்னும் 89 அடி நீளப் பாய்மரக் கப்பலை ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்க, வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதைச் செலுத்திக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாகாணத்துக் குளோஸ்டரில் நங்கூரம் பாய்ச்சினார்கள். தூத்துக்குடித் தோணிகள் அதற்கும் வெகுகாலம் பின்னர்வரை கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்து ஓடின. காரைக்கால் கரையில் அந்தப் பெரிய கலங்கள் முன்னரே மறைந்தன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை மரப்படகுகளையும் கட்டுமரங்களையும் அள்ளிச் சென்றபின், கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால்மேட்டிலும் நிறைந்தவை ஃபைபர் படகுகள்; அவற்றுக்கு வேண்டிய கொக்கியும் வளையமும் ஒரே அச்சில் வார்த்தவையாகக் கடையில் கிடைக்கின்றன.

திருமலைராயன்பட்டினத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்தில் அறைந்து கன்றுக்குட்டி கட்டப் பயன்படுத்திவந்த பழைய இரும்பு ஒன்றை ஒருமுறை கண்டேன். இரண்டு நீண்ட பட்டைகளும் நடுவே தடித்த வளையமுமாக இருந்ததைக் கண்டவுடனே, அது சுக்கானைத் தாங்கிய வளையம் என்று தெரிந்துவிட்டது. பட்டைகள் இரண்டும் ஒரே அளவில் விரியவில்லை. ஒன்று சற்று வளைந்தும் மற்றொன்று ஏறக்குறைய நேராகவும் போயின. இனித் திரும்பி வராத ஏதோ ஒரு பின்மரத்தின் உருவம் அந்தக் கோணலில் அப்படியே தங்கியிருந்தது. ஓரத்தில் மூன்று புள்ளிகள் குத்தியிருந்தன. மூன்றாவது வளையம், அதாவது கீழ்வளையம் என்பதற்கான அடையாளமாக இருக்கவேண்டும். கயிற்றை அவிழ்த்துவிட்டு வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே, தேய்ந்து நீள்வட்டமாகிவிட்ட பழைய துளைக்குள், மற்றொரு சிறு வளையம் செருகிப் பற்றவைக்கப்பட்டிருந்தது. அதுவும் ஒருபுறம் தேய்ந்திருந்தது.